உங்க ஹெட்ஃபோன் எத்தனை ஓம்?

"ட்யூப் ஆம்ப் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று நண்பர்கள் கேட்டால் நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். உங்க ஹெட்ஃபோன் எத்தனை ஓம்? அநேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது. 2023 வரை எனக்கும் தெரியாது. அந்த அறியாமைக்கு நான் கொடுத்த விலை 530 வெள்ளி. கூடவே, வயதில் மூத்த ஒருவரைப் பற்றி மனசுக்குள் தப்பாக நினைத்துவிட்ட சங்கடமும் சேர்ந்துகொண்டது. வெள்ளியை மறந்துவிட்டேன். மற்றது இன்னும் உறுத்துகிறது.

எல்லாம் ஒரு கேசட்டில் தொடங்கியது.

என் பெரியப்பா தவில்காரர். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. ரேடியோவில் வாசித்ததில்லை, இசைத்தட்டு எதுவும் வந்ததில்லை. சுற்றுவட்டாரக் கோயில்கள், கல்யாணங்கள், அவ்வளவுதான். 2004இல் இறந்துபோனார். அவர் வாசித்தார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, 1991இல் ஒரு திருவிழாவின்போது யாரோ டூ-இன்-ஒன்னைப் பந்தல் காலடியில் வைத்துப் பதிவுசெய்த 90 நிமிட கேசட். ஒருமுறை ஊருக்குப் போனபோது அதை எடுத்துவந்து கணினியில் ஏற்றினேன். ஜெனரேட்டர் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், நடுவில் ஒரு குரல் "சோடா எங்கடா?" என்று கேட்கிறது. அதையெல்லாம் தாண்டி நாகஸ்வரம். நாகஸ்வரத்தையும் தாண்டிப் பெரியப்பா.

தவில் திறந்த வெளிக்கான வாத்தியம். சாமி வீதி சுற்றும்போது கடைசி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். பிடோக் நார்த்தில், ஒன்பதாவது மாடி மூவறை வீவக வீட்டில், இரவு பத்தரைக்கு மேல் அதை ஸ்பீக்கரில் போட முடியாது. ஒருநாள் சாயங்காலமே போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி கதவருகே வந்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று சிரித்தபடி விசாரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஹெட்ஃபோன்தான்.

*

சிங்கப்பூரில் ஆடியோ பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு கோயில் உண்டு. கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபி கட்டடம். பிடோக்கில் ரயில் ஏறினால் மாறாமலே சிட்டி ஹால் போய்விடலாம், அங்கிருந்து நடை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அலுவலகக் கட்டடம் மாதிரி இருக்கும். உள்ளே போனால் ஸ்பீக்கர், டர்ன்டேபிள், ஆம்ப் என்று கடை கடையாக இருக்கிறது. 2022 டிசம்பரில் ஒரு கடையில், மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன். அதன் தலையில் கண்ணாடிக் குமிழ்கள் இரண்டு. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இழை கனன்றுகொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு பெரிய ஹெட்ஃபோனை எடுத்துக் கொடுத்தார். என் போனிலிருந்த கேசட் பதிவைப் போட்டேன். அஞ்சு நிமிஷம் நான் அந்தக் கடையில் இல்லை.

வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்கு அந்தக் குமிழ் புதிதல்ல. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், சூடேறிய பிறகுதான் பேசும். சூடான கேதோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி வெற்றிடத்தைக் கடந்து எதிரே இருக்கும் தகட்டுக்குப் போகின்றன. நடுவில் ஒரு வலை. அந்த வலைக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம் பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1906, 1907 வாக்கில் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் செய்த கருவி. 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு வால்வு மெல்ல மெல்ல எல்லா இடத்தையும் விட்டுக்கொடுத்தது. கிட்டார் வாசிப்பவர்களும் எங்களைப் போன்ற கிறுக்கர்களும்தான் இன்னும் அதை விடவில்லை.

கடை விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு மாதம் தேடி, அதே வகையைச் சேர்ந்த வேறொரு ஆம்ப்பை ஒருவரிடம் பழையதாக 350 வெள்ளிக்கு வாங்கினேன். பிடோக் ஸ்டேஷன் கன்ட்ரோல் அறைக்கு முன்னால் கைமாற்று நடந்தது. வீட்டுக்கு வந்ததும், என்னிடம் ஏற்கெனவே இருந்த ஹெட்ஃபோனைச் செருகினேன்.

கடையில் நான் மயங்கியது அந்தக் கடை ஹெட்ஃபோனில் கேட்டு. வீட்டில் இருந்தது வேறு. ஒரு ஜோடியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டுப் பாதியை மட்டும் வாங்கி வந்திருக்கிறோம் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

ஆனாலும் பிடித்திருந்தது. சத்தம் தடித்துக் கேட்டது. பெரியப்பா இரண்டு ஆள் பலத்தோடு வாசிக்கிற மாதிரி இருந்தது. இதுதான் எல்லோரும் சொல்லும் ட்யூப் கதகதப்பு என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் மங்கலாக இருந்ததற்கு வால்வுதான் காரணம் என்று முடிவுகட்டி, வால்வு மாற்றும் படலத்தில் இறங்கினேன். இது ஒரு தனிப் போதை. என் ஆம்ப்பில் இருந்தவை 6எஸ்என்7 ஒன்றும் 6080 ஒன்றும். இந்த 6080 பாட்டுக்காகப் பிறந்ததே இல்லை. மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கச் செய்யப்பட்ட வால்வு அது. நம் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் ஃபிலிப்ஸின் தொழில்நுட்ப உதவியோடு வால்வுகள் செய்தது. அவர்களுடைய இசிசி83, இஎல்84 வால்வுகளை இன்றும் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். என் ஆம்ப்பில் அவற்றுக்கு இடமில்லை. 180 வெள்ளி கொடுத்து ஒரு பழைய அமெரிக்க 6எஸ்என்7 வாங்கினேன். நேரமும் சரியில்லை. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களில், ரஷ்யா வால்வு ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து விலைகள் ஏறிக் கிடந்தன.

புது வால்வு போட்டதும் முன்னேற்றம் தெரிந்தது. தெரிந்தது என்று நான் நம்பினேன். 180 வெள்ளி கொடுத்த பிறகு தெரியாமல் எப்படி?

*

2023இல் பெரியப்பா மகன் சிங்கப்பூர் வந்தார். அவரும் தவில்காரர், வயது 58. இங்கே ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாசிக்க வந்த குழுவில் ஒருவர். 48 நாள் மண்டலாபிஷேகம் முடியும்வரை இருந்தார். ஒரு திங்கட்கிழமை ஓய்வு கிடைத்தது, வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாப்பாடு ஆனதும் ஆம்ப்பைச் சூடேற்றி, ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டி, "அண்ணே, யாருன்னு சொல்லுங்க" என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டார். விரல்கள் தொடையில் போட்டுக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன. ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"அப்பா கேசட்தானே?"

"ஆமாண்ணே."

"இதுல அப்பா இல்லையேடா. தொப்பி என்ன இப்படி ஊதிக் கெடக்கு? வலந்தலையக் காணும்."

தவிலுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் வலந்தலை. விரல்களில் மாட்டிய கெட்டியான கூடுகளால் அடிப்பது, தோல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும், சொல் பளிச்சென்று தெறிக்கும். மறுபக்கம் தொப்பி. பூவரசங்கழியால் அடிப்பது, கனத்த ஒலி. தவில்காரரின் கணக்கெல்லாம் இந்த இரண்டும் பேசிக்கொள்வதில்தான் இருக்கிறது. அண்ணன் சொன்னது ஒரு பக்கம் மறுபக்கத்தை மூடிவிட்டது என்று.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உள்ளே ஓடிய நினைப்பு வேறு. அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். நாற்பது வருஷம் தவிலோடு உட்கார்ந்தவர். போனில் பேசும்போது இரண்டு முறை சொல்ல வேண்டும். அதிக ஓசை காதைக் கெடுக்கும்போது முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஒலிகள் என்று படித்திருக்கிறேன். கூடு தோலில் படும் தெறிப்பு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். அதான் வலந்தலை கேட்கவில்லை, பாவம், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 530 வெள்ளிப் பெட்டியைக் காப்பாற்ற அவர் காதைக் குற்றவாளி ஆக்கினேன். அவர் சொன்னதில் முதல் பாதியை, தொப்பி ஊதிக் கிடக்கிறது என்பதை, வசதியாக விட்டுவிட்டேன். தாழ்ந்த ஒலி கேட்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லையே.

*

அடுத்த வாரம் சிம் லிம் டவருக்குப் போனேன். மின்னணு உதிரிபாகம் வேண்டுமென்றால் அங்கேதான். டவுன்டவுன் லைனில் ஜாலான் புசார் இறங்கி நடக்கலாம். போகிற வழியில்தான் 2017 ஜூலை வரை சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தது. பழைய ரேடியோக்கள் தரையில் விரித்த துணியில் கிடக்கும். இப்போது அதன் சுவடே இல்லை. டவரில் ஒரு சின்னக் கடை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட சீன அங்கிள் ஒருவர். வால்வு சாக்கெட்டைச் சுத்தம் செய்ய ஏதாவது இருக்கிறதா, சத்தம் மங்கலாக வருகிறது என்று கேட்டேன். அவர் சாக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஹெட்ஃபோன் எத்தனை ஓம் என்று கேட்டார். தெரியாது என்றேன். போனில் தேடிப் பார்த்தேன். 32.

"ஐயோ" என்கிற அர்த்தத்தில் ஒரு சத்தம் போட்டார். ஒரு 33 ஓம் ரெசிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்து, ரசீதின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ரெசிஸ்டர் 20 காசு. நான் ஆம்ப்புக்காகச் செய்த செலவுகளிலேயே உருப்படியான செலவு அதுதான்.

அவர் சொன்னபடி வீட்டில் செய்தேன். நீங்களும் செய்யலாம். ஆம்ப்பைத் திறக்கக் கூடாது, உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் இருக்கிறது. ஹெட்ஃபோன் துளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்து, துளையில் 1 வோல்ட் வரும்வரை வால்யூமைத் திருப்பினேன். அப்புறம் அந்த 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே இணைத்தேன். மீட்டர் 0.25க்கு விழுந்தது. முக்கால் வாசி வோல்ட் ஆம்ப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அதாவது ஆம்ப் தனக்குள் 33இன் மூன்று மடங்கு, ஏறக்குறைய 100 ஓம் எதிர்ப்பை வைத்திருக்கிறது.

இதைப் பாகப்பிரிவினை என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வு உண்டாக்கும் மின்னழுத்தத்தில் ஆம்ப்பின் உள்ளெதிர்ப்பும் ஹெட்ஃபோனும் பங்காளிகள். ஓம் அதிகம் உள்ளவருக்குப் பங்கு அதிகம். 32 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது 132இல் 32, அதாவது 24 சதவீதம். இது எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவாக இருந்தால்கூடப் பரவாயில்லை, வால்யூமை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் சாதாரண டைனமிக் ஹெட்ஃபோனின் ஓம் ஒரே எண் அல்ல. பெட்டியில் போட்டிருப்பது பெயருக்கு ஒரு எண். அதன் சவ்வு இயல்பாக அதிரும் தாழ்ந்த இடத்தில் ஓம் மலைபோல ஏறி இறங்கும். என்னுடையது அங்கே 60ஐத் தொடுகிறது. அந்த இடத்தில் பங்கு 160இல் 60, அதாவது 37.5 சதவீதம். மற்ற ஒலிகளுக்கு 24, தாழ்ந்த ஒலிக்கு 37.5. டெசிபலில் சொன்னால் கிட்டத்தட்ட 4 டெசிபல் கூடுதல்.

அண்ணன் காதால் சொன்னதைக் கணக்கு எண்ணாகச் சொல்லிற்று. தொப்பி ஊதிக் கிடந்தது.

இன்னொன்றும் உண்டு. தோலில் அடித்த பிறகு அதிர்வை அடக்க வேண்டிய இடத்தில் அடக்கவும் வேண்டும் என்பது தவில்காரருக்குத் தெரியும். ஹெட்ஃபோனில் அந்த அடக்கும் வேலையைச் செய்வது ஆம்ப். சவ்வு தானாக ஆடும்போது அதன் கம்பிச்சுருளில் உண்டாகும் மின்சாரம் ஆம்ப் வழியாகத் திரும்பி ஓடி, ஆட்டத்துக்குப் பிரேக் போடுகிறது. உள்ளே 100 ஓம் இருந்தால் அந்தப் பிரேக் வழுக்கும். கழியடி விழுந்து முடிந்த பிறகும் 'ம்ம்' என்று இழுக்கும். அந்த இழுப்பில்தான் வலந்தலையின் பொடிச் சொற்கள் புதைந்துபோயின. நான் அதைக் கதகதப்பு என்று பெயர் வைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

*

அதற்குப் பிறகு படித்ததையும் கேட்டதையும் வைத்து எனக்குக் கிடைத்த தெளிவு இவ்வளவுதான்.

ஹெட்ஃபோன் ட்யூப் ஆம்ப்புகளில் மூன்று ஜாதி. முதலாவது ஓடிஎல், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது. என்னுடையது இதுதான். இதன் உள்ளெதிர்ப்பு பெரும்பாலும் பல பத்து ஓம்கள், சிலவற்றில் 100க்கு மேலும் போகும். பாட்டில்ஹெட் கிராக் என்று வீட்டிலேயே பற்றவைத்துச் செய்துகொள்ளும் பிரபலமான கிட் ஒன்று உண்டு, அதில் 120 ஓம். இந்த ஜாதிக்கு ஏற்ற துணை அதிக ஓம் ஹெட்ஃபோன்கள். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600, 2003இல் வந்த எச்டி 650 இரண்டும் 300 ஓம். எச்டி 650ம் தாழ்ந்த ஒலியில் 500 ஓம் அருகே ஏறத்தான் செய்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 400இல் 300 என்றால் 75 சதவீதம், 600இல் 500 என்றால் 83 சதவீதம். வித்தியாசம் 1 டெசிபலுக்கும் குறைவு. தொப்பிக்கு லேசான தடிப்பு, அவ்வளவே. பேயர்டைனமிக் டிடி 880ஐ 32, 250, 600 என்று மூன்று ஓம்களில் விற்றார்கள். பெயர் ஒன்று, உருவம் ஒன்று. ஓடிஎல் வைத்திருப்பவர் 600ஐயும், போனில் நேரடியாகச் செருகுபவர் 32ஐயும் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது. வால்வின் அதிக வோல்ட், குறைந்த மின்னோட்டத்தை, குறைந்த வோல்ட், அதிக மின்னோட்டமாக டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிக் கொடுக்கிறது. குறைந்த ஓம் ஹெட்ஃபோனும் இதில் ஓடும். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருக்கும், விலையும் கனமாகவே இருக்கும்.

மூன்றாவது ஹைப்ரிட். முன்னால் வால்வு, கடைசியில் டிரான்சிஸ்டர். உள்ளெதிர்ப்பு பெரும்பாலும் சில ஓம்தான். 32 ஓம் ஹெட்ஃபோனை விட மனசில்லை, ட்யூபும் வேண்டும் என்பவர்களுக்கு இது போதும். நான் அன்றைக்கு வாங்கியிருக்க வேண்டியது இதைத்தான்.

பிளானர் ஹெட்ஃபோன்களின் கதை வேறு. அவற்றின் ஓம் ஏறக்குறைய நேர்கோடு, அதனால் ஓடிஎல்லில் போட்டாலும் தொப்பி ஊதாது. ஆனால் சில பிளானர்கள் சரியான பசிக்காரர்கள். எச்டி 650ஐ 110 டெசிபல் உச்சத்துக்குக் கொண்டுபோக 2.2 வோல்ட், 7.5 மில்லி ஆம்பியர் போதும். ஹைஃபைமேன் எச்இ-6க்கு, 50 ஓம், 83.5 டெசிபல் என்ற அதன் கணக்கின்படி, அதே உச்சத்துக்கு 4.7 வோல்ட், 95 மில்லி ஆம்பியர் வேண்டும். வோல்ட் இரண்டு மடங்கு, மின்னோட்டம் பன்னிரண்டு மடங்கு. வால்வு வோல்ட் கொடுப்பதில் வள்ளல், மின்னோட்டம் கொடுப்பதில் கஞ்சன். காதுக்குள் செருகும் ரகங்களுக்கோ ட்யூபே வேண்டாம். அவற்றில் சில மிகக் குறைந்த ஓம், அதுவும் தாறுமாறாக ஏறி இறங்கும்.

எட்டில் ஒரு பங்கு என்று ஒரு விதி சொல்வார்கள். ஆம்ப்பின் உள்ளெதிர்ப்பு ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அப்படிப் பார்த்தால் என் ஆம்ப்புக்கு 800 ஓம் வேண்டும். 300லேயே நன்றாக இருக்கிறது என்பது என் அனுபவம். விதியைத் தெரிந்துகொண்டு மீறுவதில் தப்பில்லை. நான் தெரியாமல் மூன்று மடங்கு எதிர்த் திசையில் போயிருந்தேன்.

இங்கே வாழ்பவர்களுக்கு இரண்டு விஷயம். அமெரிக்காவிலிருந்து வரும் பழைய ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம், நம் சுவரில் 230 வோல்ட். பின்பக்கத்தைப் பார்க்காமல் செருகாதீர்கள். அடுத்து, சூடு. 6080இன் இழைக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட 16 வாட். பனி விழும் ஊரில் அது சுகம். பிடோக்கில் மின்விசிறியைக் கூட்ட வேண்டும், விசிறிச் சத்தத்துக்காக வால்யூமைக் கூட்ட வேண்டும். ஓடிஎல் என்றால் ஆம்ப் சூடேறி நிலைப்பட்ட பிறகுதான் ஹெட்ஃபோனைச் செருக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் மின்தேக்கி நிரம்பும்போது ஒரு அதிர்ச்சி வரும்.

*

அண்ணன் ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கையில் மறுபடி கூட்டி வந்தேன். அலுவலக நண்பரிடம் எச்டி 650 கடன் வாங்கி வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் உரத்துக் கேட்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும். முதலில் பழைய ஜோடி. இரண்டாவது அதே ட்யூப் ஆம்ப்பில் எச்டி 650. மூன்றாவது என் 32 ஓம் ஹெட்ஃபோன், போனில் 15 வெள்ளி அடாப்டர் வழியாக, ட்யூப் எதுவும் இல்லாமல்.

மூன்றையும் ஒரே தனி ஆவர்த்தனப் பகுதியில் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் காப்பி குடித்தோம்.

"ரெண்டாவதும் சரி, மூணாவதும் சரி. மொதல்ல போட்டதுதான் தப்பு" என்றார். பிறகு, "ரெண்டாவதுல நாயனம் குளிர்ச்சியா இருக்கு. மூணாவதுல சுருதிப்பெட்டி தனியாத் தெரியுது. எது வேணுமோ கேட்டுக்க. மொதல்ல போட்டத மட்டும் யாருக்கும் போட்டுக் காட்டாத."

நான் படித்த கட்டுரைகளில் யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. ஜோடி சேராதது ஒரு தப்பு, அதை எண்ணால் காட்டிவிடலாம். ஜோடி சேர்ந்த பிறகு வருவதுதான் ருசி. நான் முதலாவதை இரண்டாவது என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வால்வு மாற்றினேன்.

அந்தக் குளிர்ச்சிக்கும் காரணம் உண்டு. இந்த வகை வால்வு ஆம்ப் தன் பங்குக்கு மூல ஒலியோடு கொஞ்சம் சேர்க்கிறது. பெரும்பாலும் இரண்டாம் சீரிசை, அதாவது இரண்டு மடங்கு அதிர்வெண். நாயனம் ஸட்ஜத்தில் நின்றால் அதன் மேல் ஸட்ஜம் மெல்லிய நிழலாகக் கூடச் சேர்கிறது. மூன்றாம் சீரிசை கொஞ்சம் சேர்ந்தாலும் அது மேல் பஞ்சமம். தம்பூராவில் நூல் செருகிப் பெரியவர்கள் தேடியதும் இந்த மேல் ஒலிகளைத்தான். அதனால் காதுக்கு உறுத்தவில்லை. பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்கும்போது கலப்படம் சுருதிக்கு வெளியேயும் போகும் என்பது உண்மை. ஒற்றை நாயனத்துக்கு அது சுருதிக்குள்ளேயே சொல்லப்படும் ஒரு சின்னப் பொய். 1991இல் அந்தப் பந்தலில் அது இல்லை. தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

அன்றைக்குத்தான் அண்ணனிடம், நீங்க சொன்னப்போ உங்க காதைத்தான் சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். "எல்லாரும் அதத்தான் நெனைப்பாங்க" என்று சிரித்தார். காது டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைச் சொன்னேன். "தவிலுக்கு அதச் சொல்லிப் பாரு" என்றார்.

என் 32 ஓம் ஹெட்ஃபோனையும் அந்த 15 வெள்ளி அடாப்டரையும், கேசட் பதிவு இருந்த பென் டிரைவையும் அவருக்கே கொடுத்து அனுப்பினேன். அவை இரண்டும் சரியான ஜோடி. போனில் வால்யூமுக்கு ஒரு வரம்பும் வைத்துவிட்டேன், அதை எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு நானும் பழையதாக ஒரு 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கிக்கொண்டேன். 180 வெள்ளி அமெரிக்க வால்வு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஆம்ப்போடு வந்த வால்வுக்கும் அதற்கும் எனக்கு இப்போது வித்தியாசம் தெரியவில்லை.

போன மாதம் அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். கேசட்டைத் தினமும் கேட்கிறாராம். "டேய், அந்த சோடா கேட்டது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். அப்ப தாளம் போட வந்த பையன். இப்ப கும்பகோணத்துல மளிகைக்கடை வச்சிருக்கான். போட்டுக் காட்டணும்" என்கிறார். நான் அந்தக் குரலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது யாராக இருக்கும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.